யார் சொல்லிக்கொடுத்த கும்பிடு?

முன்னொரு காலத்தில், ஆற்றிலே தண்ணீருக்கும் அரண்மனையிலே பிடிவாதத்துக்கும் பஞ்சமில்லாத செங்கழுநீர் நாட்டைப் பூதலவீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை வந்தால் சாயங்காலத்துக்குள் அது அரசாணை ஆகிவிடும். ரொம்ப காலம் பிள்ளையில்லாமல் தவித்துப் பெற்ற மகள் ஒருத்தி, பெயர் செண்பகம். தத்தித் தத்தி நடக்கிற வயசு. அவள் தும்மினால்கூட அன்றைக்குச் சபையில் அதுதான் பேச்சு.

ஒருநாள் ராஜா சபைக்குள் ஓடாத குறையாக வந்தார். "சேதி தெரியுமா? விளக்கேற்றியதும் என் செண்பகம் தானாகவே கைகூப்பினாள்! யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை!"

சபைப் பண்டிதர் கனகசபையார் எழுந்தார். மந்திரி உலகுடையாரை எப்படியாவது ஓரங்கட்டிவிட வேண்டுமென்று காத்துக்கிடக்கிற ஆசாமி அவர். "இதில் ஆச்சரியம் என்ன, மகாராஜா? பக்தி ராஜ ரத்தத்தோடு பிறப்பது. குடியானவன் பிள்ளைக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மந்திரி மட்டும் லேசாகச் சிரித்தார். "பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா, பண்டிதரே?"

"சோதித்துப் பார்த்தால் போயிற்று! எளிய வீட்டுக் குழந்தை ஒன்றை நந்தவன மண்டபத்தில் வைத்துப் பூட்டுவோம். பேச்சு கூடாது, விளக்கு கூடாது, சாமி பெயர் காதில் விழக்கூடாது. விவரம் தெரிகிற வயசு வந்ததும் கதவைத் திறப்போம். அது எதையாவது கும்பிடுகிறதா என்று பார்த்துவிடலாம்."

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. சாயங்காலத்துக்குள் ஆணை பிறந்தது. அரண்மனைக்குப் பூக்கட்டும் பொன்னுருவியின் மகனை, இப்போதுதான் உட்காரப் பழகிய பச்சைக் குழந்தையை, சேவகர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே அவளும் தலைவிரிகோலமாக ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தாள்.

"மகராசா, எம்புள்ளைக்குச் சாமியத் தெரியாமப் போனாப் போகட்டும். என்னையே தெரியாமப் போயிடுமே!"

ராஜா குனிந்து அவளை எழுந்திருக்கச் சொன்னார். ஆனால் சபையறியச் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? மந்திரியைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தொலையுமேன் என்கிற பார்வை.

உலகுடையார் கைகட்டி நின்றார். "ஆணை ஆணைதான், மகாராஜா. ஆனால் சோதனை சுத்தமாக இருக்க வேண்டாமா? 'சிவசிவா' என்று சொல்லாமல் நம் ஆட்கள் உட்காருவதும் இல்லை, எழுந்திருப்பதும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வாய்தவறி ஒரு சொல் சொன்னாலும் எல்லாம் வீண். நாக்கைக் கட்டி ஆளத் தெரிந்தவர் இந்த நாட்டில் நம் பண்டிதர் ஒருவர்தான். முதல் நாள் அவரே பார்த்துக்கொண்டால், மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்."

புகழ்ச்சி கனகசபையாரின் தலைக்கேறியது. "பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா?" என்று அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்.

ராஜாவும் மந்திரியும் ஜன்னலுக்கு வெளியே மறைந்து நின்றார்கள். பொன்னுருவியை நந்தவனத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

உள்ளே பண்டிதர் தூண் மாதிரி நின்றார். குழந்தை அவரைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அழத் தொடங்கியது. பாலாடையில் பால் புகட்டினார், பட்டு அங்கவஸ்திரத்திலேயே துப்பியது. சொடக்குப் போட்டார், கண்ணை உருட்டினார், கடைசியில் குடுமியை அவிழ்த்து ஆட்டிக்கூடக் காட்டினார். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. பாவம், வியர்த்து விறுவிறுத்துப்போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், "அப்பனே முருகா!" என்றார்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தது.

"முருகா?" என்றார் மறுபடி. குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவ்வளவுதான், பண்டிதருக்கு உலகமே மறந்துபோயிற்று. பிஞ்சுக் கை இரண்டையும் பிடித்துச் சேர்த்து, "எங்கே, சாமி கும்பிடு! அப்படித்தான், என் ராசா!" என்று கொஞ்சினார்.

ராஜா சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே வந்தார். "ஓய், அடித்தல்லவா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றீர்!"

கனகசபையார் தலை கவிழ்ந்தது. மடி வேறு நனைந்திருந்தது. "அழுதது, மகாராஜா. மனசு கேட்கவில்லை."

"போகட்டும். ஆனால் என் மகளுக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லையே?" என்றார் ராஜா.

"விடிந்ததும் அவளைப் பூஜை அறைக்குத் தூக்கிப் போவது யார், மகாராஜா?" என்று கேட்டார் மந்திரி.

"நான்தான். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன்."

"அவளைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கும்பிடுவீர்கள்?"

"அவளை மார்போடு அணைத்து, அவளுக்கு முன்னால் இப்படிக் கைகூப்புவேன். அவள் என் கைக்குள்ளேதான்..." ராஜாவின் பேச்சு பாதியில் நின்றது. தன் கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தக் கைகளுக்குள் இருந்துதானே அவள் விளக்கைப் பார்த்திருக்கிறாள்! பெருமை கொஞ்சம் கரைந்ததென்னவோ உண்மை. அந்த இடத்தில் வந்து நிரம்பியது அதைவிடப் பெரிய சந்தோஷம்.

"அப்படியானால் பிறக்கும்போது நாம் கொண்டுவருவது ஒன்றுமே இல்லையா, மந்திரி?"

உலகுடையார் வாசலைத் திறக்கச் சொன்னார். "கண்ணு!" என்று கூவிக்கொண்டு பொன்னுருவி ஓடிவந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தை பண்டிதர் மடியிலிருந்து எம்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியது.

"இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மகாராஜா," என்றார் கனகசபையார் அவசரமாக.

"யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை," என்றார் மந்திரி. "யாரோ வந்து தூக்குவார்கள் என்று அதற்குத் தெரிகிறது. கைகளைச் சேர்த்துவைக்கத்தான் நாம் பழக்குகிறோம். அதற்கு மேல் எனக்கும் தெரியாது."

ராஜா ஆணை ஓலையை முறித்துப் போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பூட்டுப் போட இருந்த மண்டபம் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்று. அவர்களைப் பார்த்துக்கொள்வது கனகசபையாருக்குத் தண்டனை. தண்டனைக்காரர் அழைக்காமலே சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்வதாகப் பிற்பாடு சேதி வந்தது.

அன்று ராஜா அந்தப்புரத்துக்குப் போனபோது செண்பகம் தத்தித் தத்தி வந்தாள். கைகூப்பவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். ராஜா யாரிடமும் எதுவும் கேட்காமல் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.