உலகம்மாள் கேட்ட மௌனம்

"அம்மா, எனக்கு மௌன தீட்சை குடுங்க. சாகுற வரைக்கும் நான் யார்கிட்டயும் பேச வேண்டாம். என்கிட்டயும் யாரும் பேச வேண்டாம்."

உலகம்மாள் இப்படிக் கேட்டபோது, அவள் அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

குரு நிறைமதி அவளைவிட வயதில் இளையவர். கொய்யா மரத்தடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரையை மடியில் வைத்துவிட்டு, தன் உதடுகள் உலகம்மாளுக்குத் தெரியும்படி நேராகத் திரும்பினார்.

"எதுக்கு?"

"நான் வாயைத் திறந்தா பாவம் சேருது."

உலகம்மாள் சொன்னாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் அது தொடங்கியது. முதலில் கணவரின் குரல் தேய்ந்தது. பிறகு கதவு தட்டும் சத்தம். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். 'ஓட்டோஸ்கிளிரோசிஸ்' என்று எழுதிக் காட்டினார். ஒரு காதில் ஆபரேஷன் செய்தார்கள். கொஞ்ச காலம் நன்றாகக் கேட்டது. பிறகு அதுவும் மங்கியது.

வெளியே சத்தம் குறையக் குறைய, காதுக்குள்ளே ஒரு சத்தம் வளர்ந்தது.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறிவிடும். அந்த முகத்துக்குப் பயந்து உலகம்மாள் கேட்பதை விட்டாள். அவர்கள் சிரித்தால் தானும் சிரித்தாள். பார்த்தால் தலையாட்டினாள்.

"எங்க தெருவுல பேச்சியம்மான்னு ஒருத்தி. அவ மகன் வெளிநாட்டுல இருந்தான். ஒருநாள் கடைத்தெருவுல வந்து என் கையைப் பிடிச்சு என்னமோ சொன்னா. 'நாளைக்கு வாறான்'ங்கிறது மட்டும் காதுல விழுந்துச்சு."

"நீங்க?"

"'ரொம்ப சந்தோஷம், பாயசம் வச்சுக் குடு'ன்னு சிரிச்சேன்."

உலகம்மாள் தரையைப் பார்த்தாள்.

"மகன் செத்து, பெட்டியில நாளைக்கு வாறான்னு சொல்லியிருக்கா, அம்மா."

மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி, அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியது.

அவள் நிமிர்ந்ததும் குரு கேட்டார். "அப்புறம் அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவ எதோ சொன்னா. மன்னிச்சாளா, வைதாளான்னு எனக்குக் கேக்கலை."

குரு கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"இங்க யாரும் பேசுறதில்லைன்னாங்க. பேச்சே இல்லாத இடத்துல நானும் எல்லாரையும் மாதிரிதானேன்னு வந்தேன். ஆனா தியானத்துல கண்ணை மூடினா, மத்தவங்களுக்கெல்லாம் அமைதி வருது. எனக்கு உள்ள இருக்கிற சத்தம்தான் பெருசாகுது. இங்கயும் நான் தனிதான்."

"மடத்துத் துணியெல்லாம் சேர்ந்துபோச்சு," என்றார் குரு. "நாளைக்குக் காலையில அருவிக்கரைக்குப் போய்த் துவைச்சுட்டு வாங்க."

மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மறுநாள் உலகம்மாள் மூட்டையோடு போனாள். மழை விட்டிருந்த நேரம். அருவி கனத்து விழுந்தது. அடிவாரத்து ஊர்ப் பெண்கள் பாறைகளில் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த சோப்பை இங்கிட்டுத் தள்ளுங்கக்கா!"

உலகம்மாள் சோப்பைத் தள்ளினாள். தள்ளிய பிறகுதான், தனக்குக் கேட்டது என்பதே உறைத்தது.

அவள் யாருடைய உதட்டையும் பார்த்திருக்கவில்லை.

அப்படியே நின்றாள். ஒருத்தி மாமியாரைக் குறை சொன்னாள். இன்னொருத்தி காணாமல்போன ஆட்டுக்குட்டிக்காகப் புலம்பினாள். எல்லாம் கேட்டது. உள்ளே இருந்த சத்தம் அருவிச் சத்தத்தில் எங்கோ ஒதுங்கிவிட்டது.

ஈரத்துணியைக்கூட இறக்கி வைக்காமல் குருவிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, அங்க எனக்குக் காது கேக்குது! அருவிச் சத்தத்துக்கு மேல எல்லாரும் கத்திப் பேசுதாங்க. அந்தக் கத்தல் எனக்கு அளவா இருக்கு!"

"அப்ப நாளைக்கும் போங்க."

அழுக்குத் துணி இல்லாத நாளிலும் அவள் போனாள். வெளுத்த துணியையே மறுபடி நனைத்துக்கொண்டு, பெண்கள் பேசுவதைக் கேட்டாள். வெயில் ஏறியதும் அவர்கள் ஒருவர் கூடையை ஒருவர் தூக்கிவிட்டு, பேசிக்கொண்டே ஊருக்குள் இறங்கிப் போவார்கள். உலகம்மாள் பாறையில் உட்கார்ந்திருப்பாள்.

சில நாளில் அவள் நடை தளர்ந்தது.

"என்ன?" என்றார் குரு.

"கேக்குது. ஆனா அவங்க பேச்சு அவங்களுக்குள்ள. எனக்குக் கேட்டு என்ன? தீட்சையைக் குடுத்துடுங்கம்மா."

மறுநாள் காலை, துணி மூட்டையைக் குருவே தூக்கிக்கொண்டார்.

அருவிக்கரையில் உலகம்மாளுக்குப் பக்கத்தில், சாரல் அடிக்கும் பாறையில் உட்கார்ந்தார். பிறகு குரலை உயர்த்திக் கேட்டார்.

"உங்க காதுக்குள்ள ஒரு சத்தம் இருக்குன்னீங்களே. அது எப்படி இருக்கும்?"

உலகம்மாள் திகைத்தாள்.

சத்தம் குறைந்திருக்கிறதா என்று கணவர் கேட்டிருக்கிறார். மாத்திரை போட்டாயா என்று மகள் கேட்டிருக்கிறாள். எப்படி இருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவள் மெல்லச் சொன்னாள். அவளுடைய குரல் அவள் தலைக்குள் எப்போதும் பெரிதாக முழங்கும். அதனால் மெதுவாகப் பேசுவதே பழக்கமாகிவிட்டது. அவள் சொன்னதை அருவி அடித்துக்கொண்டு போயிற்று.

குரு காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "கேக்கலை."

உலகம்மாள் மறுபடி சொன்னாள்.

"ம்ஹூம்."

குரு நகர்ந்து வந்தார். இடுப்புவரை நனைந்துவிட்டது. காதை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

உலகம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். அது மாறுவதற்காகக் காத்திருந்தாள்.

மாறவில்லை.

"லாரி!" என்று கத்தினாள் உலகம்மாள். "பாரம் ஏத்துன லாரி மேட்டுல ஏற முடியாம உறுமுற மாதிரி! ஏறவும் ஏறாது, நிக்கவும் நிக்காது! சில நாளு குக்கர் விசில் மாதிரி வரும்! அடுப்படிக்கு ஓடுவேன், அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டேன்! வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க, நான் மட்டும் அந்த லாரிகூட இருப்பேன்!"

துவைக்கும் சத்தம் நின்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சோப்புக் கேட்டவள் தண்ணீருக்குள் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதித் தூரம் வந்தாள்.

"அக்கா, நீங்க பேசுவீயளா! ஊமைன்னுல்லா நெனச்சோம்! என்ன சொல்லுதீய? லாரியா? எந்த லாரி?"

உலகம்மாள் குருவைப் பார்த்தாள்.

குரு முந்தானையைப் பிழிந்துகொண்டு எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காரு தாயி. அங்க இருந்தா உனக்குக் கேக்காது."