கடைசிக் கோடு

சூச்சோ நகரில் லூ யான் என்று ஒரு குரு இருந்தார். தூரிகையால் சீன எழுத்து எழுதக் கற்றுக்கொடுப்பவர். குரு என்றதும் வெண்தாடியைத் தேடாதீர்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் ஷென் போலினுக்குத்தான் தலை முழுக்க நரைத்திருந்தது.

போலின் கம்ப்யூட்டர் வரைகலை நிபுணர். அவருடைய ஒரே மகள், சின்னப் பெண் வென்சிங்கும் லூ யானிடம்தான் எழுதப் பழகினாள். அப்பா செய்துகொடுத்த சென்சார் தூரிகையைத்தான் பிடிப்பாள்; கை அசைந்ததெல்லாம் பதிவாகிவிடும். போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். மிச்சம் என்று அவர் கையில் இருந்தது அந்தப் பதிவுகள்தான்.

அவற்றைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து ஒரு திரை செய்தார். யார் அதன்முன் எழுதினாலும் அந்தக் கணமே மை பரவி, மகளின் கையெழுத்தில் எழுத்து பிறக்கும். அவள் எழுதியே இராத எழுத்துகளும் வந்தன. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பெற்ற மனசுக்கு மட்டும் ஏதோ இடித்தது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வயதில் தூரிகை பிடிக்க வந்தார். பிடித்தும் புரியவில்லை.

கடைசியில் திரையையே தூக்கிவந்து குருவின் முன் வைத்தார்.

"குருவே, கோடு அவளுடையது. மை பரவுவதும் அவள் எழுதினாற்போலத்தான். அவள் மட்டும் இதில் இல்லை. ஏன்?"

குரு 'வீடு' என்று பொருள்படும் சீன எழுத்தை எழுதினார். திரையில் மை மளமளவென்று ஓடி எழுத்து முடிந்தது. பதிவிலிருந்து எதையாவது நீக்கினீர்களா என்று கேட்டார்.

உபயோகமான எதையும் நீக்கவில்லை என்றார் போலின். தூரிகை சும்மா நின்ற நேரத்தை மட்டும் வெட்டிவிட்டாராம். அசைவே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் கற்க என்ன இருக்கிறது? அவர் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

"வெட்டாத பதிவு இருந்தால் போடுங்கள்."

போட்டார். மகள் எழுதிய அதே 'வீடு'. ஒவ்வொரு கோடாக வந்தது. கடைசிக் கோட்டுக்கு முன்னால் தூரிகை அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஊற்றிவைத்த தேநீர் ஆறிப்போனது. பிறகு சட்டென்று கோடு விழுந்தது. போலின் அடுத்த நாள் பதிவைப் போட்டார், அதற்கு அடுத்ததையும் போட்டார். எல்லாவற்றிலும் இதே கதைதான்.

"அப்படி என்ன யோசித்தாள்?"

"யோசிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கோட்டைப் போட்டால் தூரிகையைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். நீங்கள் வருவதற்குள் முடித்துவிட்டால் தெருவில் தனியாக நிற்க வேண்டுமே. அழைத்துப்போக நீங்கள் என்றைக்கு நேரத்துக்கு வந்தீர்கள்?"

போலின் கீபோர்டை இழுத்துவைத்துக்கொண்டார். வேறென்ன செய்வார், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

"அந்த நேரத்தைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன், குருவே. தூரிகை எவ்வளவு நேரம் நிற்கட்டும்?"

"நீங்கள் வரும்வரை" என்றார் குரு.