ஒன்று புள்ளி எட்டு ஒன்று

காங்கேயத்தில் நவரத்தினக் கல் வியாபாரி நாச்சிமுத்து ஒரு கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முப்பது வருடம் அப்படித்தான் நடந்தது. போன ஆண்டு, அவர் மாணிக்கம் என்று சொல்லி விற்ற கல் ஒன்று சோதனைச் சீட்டோடு திரும்பி வந்தது. மாணிக்கம் இல்லையாம். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், ஐம்பத்தேழு வயதில், கடைவீதி மாடியில் கல் சோதனைக்கூடம் நடத்தும் தில்ஷாத்திடம் போய் மாணவராகச் சேர்ந்துவிட்டார். டீச்சருக்கு வயது முப்பத்தொன்று.

முதல் நாளே குழப்பம்தான்.

கருவியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டி. அதில் ஒரு சொட்டு திரவம் விட்டு, கல்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விளக்கைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசையாக எண்கள்; பாதி இருட்டு, பாதி வெளிச்சம். இரண்டும் சேருகிற கோட்டில் எந்த எண் இருக்கிறதோ, அதுதான் கல்லின் ஒளிவிலகல் எண்.

"வெளிச்சம் கல்லுக்குள்ள போகுதுங்களா டீச்சர்?"

"கொஞ்சம் சாய்ஞ்சு வந்தாப் போகும். ரொம்பச் சாய்ஞ்சு வந்தா கல்லு உள்ள விடாது. முழுசாத் திருப்பி அனுப்பிரும்."

"நான் பாக்குறது எதைங்க?"

"திரும்பி வந்ததை."

"அப்ப உள்ள போனது?"

"அது போயிருச்சு. எந்தச் சாய்வுல திரும்ப ஆரம்பிக்குதுங்கிறது கல்லுக்குக் கல்லு மாறும். அதைத்தான் கோடு காட்டுது."

நாச்சிமுத்து தலையாட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. கல்லைத் தெரிந்துகொள்ள உள்ளே போன வெளிச்சத்தை அல்லவா பார்க்க வேண்டும்? கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எண்களை மனப்பாடம் செய்தார். ஸ்படிகம் ஒன்று புள்ளி ஐந்து நான்கு. நவரத்தின நீலம் ஒன்று புள்ளி ஏழு ஆறு.

மூன்றாம் மாதம் ஒரு நாள் டீச்சர் அவர் முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். நீல நிறக் கல்.

நாச்சிமுத்துவுக்கு அது முன்பே பார்த்த கல்லாகத் தெரிந்தது. "இது யாருதுங்க?"

"வேலுசாமின்னு ஒருத்தர் குடுத்துட்டுப் போனாரு. நாளைக்கு வர்றேன்னிருக்காரு."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேலுசாமி அவருடைய கூட்டாளி. இந்தக் கல்லை நீலம் என்று வாங்கி வந்தான். சந்தையில் நாலு பேர் பார்க்க, நாச்சிமுத்து ஒரே ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி" என்றார். அந்த ஒரு சொல் போதும். வேலுசாமி கண்ணாடியை நீலம் என்று தலையில் கட்டுகிறவன் என்று ஊர் பேசியது. அதற்கப்புறம் அவன் நீட்டிய கல்லை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது தேங்காய் ஏற்றும் வேன் ஓட்டுகிறான்.

கண்ணாடியாக இருந்தால், அன்றைக்கு அவர் சொன்னது சரி. நீலமாக இருந்தால் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்த பாவம். எதை வேண்டிக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. சொட்டு விட்டு, கல்லை வைத்துப் பார்த்தார்.

ஒன்று புள்ளி எட்டு ஒன்று.

துடைத்து, வேறு பக்கத்தைக் கவிழ்த்து வைத்தார். அதே எண். நாலாவது தடவையும் அதே எண்.

"டீச்சர், நம்ம பட்டியல்ல இந்த எண்ணுக்குக் கல்லே இல்லைங்களே?"

டீச்சர் எழுந்து வரவில்லை. "கல்லை எடுத்துட்டுப் பாருங்க."

கல்லை எடுத்தார். வெறும் சொட்டு மட்டும் இருந்தது. உள்ளே பார்த்தார். கொஞ்சம் மங்கல், ஆனால் ஒன்று புள்ளி எட்டு ஒன்று.

அவர் தலையைத் தூக்கினார்.

"நான் ஊத்துன சொட்டைத்தான் நான் படிச்சிட்டிருந்தனுங்களா?"

"ஆமா. கல்லோட எண் திரவத்தைத் தாண்டிருச்சுன்னா, இந்தக் கருவிக்கு எட்டாது. தன்னோட எல்லையைத்தான் காட்டும்."

"அப்ப நீலம் இல்லை. நீலம்னா அதுக்கு முன்னால ஏழு ஆறுலயே கோடு விழுந்திருக்கும்."

டீச்சர் லென்சை நீட்டினார். "கல்லு வழியா அடிப்பக்கத்துப் பட்டை ஓரங்களைப் பாருங்க."

ஒவ்வொரு ஓரமும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

"கண்ணாடியில அப்படித் தெரியாது" என்றார் டீச்சர்.

"கண்ணாடியும் இல்லைங்களா? அப்ப இது என்னதுங்க?"

"சிர்க்கான்னு வேற ஒரு கல்லு இருக்கு, அதா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல எனக்கும் தெரியலை. பெரிய சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பாக்கணும்."

நாச்சிமுத்து லென்சைக் கீழே வைத்தார். "அவன் சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. அப்ப யாருங்க சரி?"

டீச்சர் அறிக்கைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "எழுதுங்க."

அவர் 1.81 என்று எழுதினார். டீச்சர் அதை அடித்துவிட்டு, பேனாவை அவரிடமே கொடுத்தார்.

'தெரியவில்லை' என்று அந்த மனிதர் முப்பது வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நீலம் இல்லை. கண்ணாடியும் இல்லை. என்ன கல் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் வேலுசாமி வந்தான். முடி நரைத்திருந்தது. உள்ளே நாச்சிமுத்துவைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். டீச்சர் தாளைக் கொடுத்தார். இரண்டு தரம் படித்தான்.

"இத எழுதுனது யாரு?"

"நாந்தான் வேலு."

"நீயா? சொல்ல முடியலைன்னு நீயா எழுதுன?"

"ஆமா. அன்னிக்கு நான் கண்ணாடின்னது தப்பு. எல்லாரு முன்னாலயும் சொன்னது அதைவிடத் தப்பு."

வேலுசாமியின் தொண்டையில் என்னவோ ஒரு சத்தம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கல்லை எடுத்துக்கொண்டான். "செரி" என்றான். படி இறங்கிப் போய்விட்டான்.

நாச்சிமுத்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அந்தச் 'செரி'க்கு என்னங்க அர்த்தம் டீச்சர்? சிரிச்சாப்புலயும் இருந்துச்சு. அழுதாப்புலயும் இருந்துச்சு."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"மன்னிக்க மாட்டானுங்க. எனக்கு அவனைத் தெரியும். மொகத்தைப் பாத்தாலே சொல்லிருவேன்."

டீச்சர் கருவியைத் துடைத்தபடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"வேன் இன்னும் கெளம்பலைங்கய்யா. எறங்கிப் போய்க் கேளுங்க."