டப்பாவில் வந்த சாம்பல்

ஊருக்குத் தெற்கே குப்பைமேடு. அதற்கும் தெற்கே, நாலு சென்ட் இடத்தில் ஒரு ஓட்டு மடம். மடத்துக்குக் குரு கோமதியம்மை, வயசு ஐம்பது. சீடர் வீரபாகுவுக்கு அறுபத்தெட்டு. குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு இல்லை.

வீரபாகு முப்பது வருசம் லாரி ஓட்டினவர். லாரியை விற்றுத்தான் அந்த நாலு சென்டை வாங்கினார். மடம் அம்மாவுடையது, பட்டா மட்டும் இவர் பேரில்.

குப்பையை எரிக்க அங்கே உலை கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஊர் ரெண்டாய்ப் பிளந்தது. நாத்தம் ஒழிஞ்சா போதும் என்றது ஒரு பாதி. புகையக் குடிச்சுச் சாகவா என்றது மறுபாதி. பக்கத்து நிலத்துக்காரர்கள் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். எல்லாரும் போட்டாயிற்று. பாக்கி வீரபாகு ஒருத்தர்தான்.

கூட்டத்துக்குப் புறப்படும்போது கேட்டார்.

"அம்மா, போடட்டா, வேண்டாமா?"

கோமதியம்மை இருமினார். குப்பைமேட்டில் கங்கு பிடித்துவிட்டால் ரெண்டு நாளைக்கு அந்த இருமல் நிற்காது.

"உங்களுக்கு என்ன தோணுது அண்ணாச்சி?"

"உலை வந்தா இந்த இருமல் போயிரும்னு சொல்லுதாக. அதுக்காகத்தான் பாக்கேன். பொறவு... போடலன்னா மடத்துக்கு வார பாதைய அடைச்சிருவோம்னு கம்பெனிக்காரவுக சாடையாச் சொல்லுதாக."

"அப்ப பயமும் இருக்கு."

"இருக்கும்மா."

"சரி, வாங்க போவோம்."

கல்யாண மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. உலைக் கம்பெனிப் பொறியாளர் சுரேந்திரன் மேசைமேல் ஒரு கண்ணாடி டப்பாவை வைத்தார். அடியில் சாம்பல்.

"வேற ஊர்ல ஓடுற எங்க உலையில எடுத்தது. ஒரு சாக்குக் குப்பை எரிச்சா மிஞ்சுறது இவ்வளவுதான்."

"மிச்சம் எங்க போச்சு? எங்க மூக்குக்குள்ளயா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. மண்டபம் சிரித்தது.

சுரேந்திரனும் சிரித்தார். கெட்டிக்காரர். மடத்துக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு நான் சொல்லணுமா? எரிச்சதத்தானே நெத்தியில பூசுறீங்க? நாங்களும் எரிச்சுச் சாம்பலாத்தான் ஆக்குறோம்."

வீரபாகுவுக்கு அது சரியாகத்தான் பட்டது. தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

கோமதியம்மை எழுந்தார். பந்திக்கு வைத்திருந்த வாழை இலையில் ஒரு துண்டு கிழித்தார். டப்பாவைத் திறந்து, கை படாமல் கொஞ்சம் சாம்பலை இலையில் தட்டினார். சுரேந்திரன் முன்னால் நீட்டினார்.

"பூசிக்கிடுங்க தம்பி."

சுரேந்திரன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அம்மா, இது அதுக்கில்ல. கையுறை மாட்டாம இதத் தொடவே கூடாது. மூடி வைங்க!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கோமதியம்மை அதே இலையை வீரபாகு முன்னால் நீட்டினார். "நீங்க பூசிக்கிடுங்க அண்ணாச்சி."

பதினோரு வருசமாய் அந்தக் கை கொடுத்ததை வீரபாகு மறுத்ததில்லை. கண்ணை மூடினார். நெற்றியை நீட்டினார்.

ஒன்றும் படவில்லை. கண்ணைத் திறந்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை அவர் கண்டதே இல்லை.

"அவரு தொட மாட்டேங்காரு. நீங்க கண்ண மூடி நீட்டுதீய."

"நீங்க குடுக்கீயளே அம்மா."

"போன சிவராத்திரிக்குத் திருநீறு நீத்துற சாணி மூட்டத்துல ஒரு பால் கவரு விழுந்துட்டுன்னு அம்புட்டையும் குழி தோண்டிப் பொதைக்கச் சொன்னேன். பொதைச்சீய. ஏன்னு கேட்டீயளா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

வீரபாகு இலையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"தம்பி, இதுல என்னத்தப் போட்டு எரிச்சீய?"

"எல்லாந்தான் ஐயா. ஊர்க் குப்பை. இதுதான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்படின்னா அம்மா சொன்னாப்புல மொதல்ல நீங்க பூசுங்க. பொறவு நான் கையெழுத்துப் போடுதேன்."

"பாதைய மறந்துடாதீங்க ஐயா" என்றார் சுரேந்திரன்.

"அடைங்க. முப்பது வருசம் வண்டி ஓட்டினவன். வழி இல்லாத ஊருக்கெல்லாம் போயிருக்கேன்."

மண்டபத்தில் புகை வேண்டாம் என்ற மறுபாதி எழுந்து நின்றது. அதில் ரெண்டு பேர் மேசைக்கு வந்து, தாங்கள் போட்ட தாளைத் திருப்பிக் கேட்டார்கள்.

சுரேந்திரன் கோமதியம்மையைக் கும்பிட்டார். "அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் போட்டுடுவார்."

கோமதியம்மை சாம்பலைப் பழையபடி டப்பாவில் கொட்டி, மூடியை இறுக்கித் திருகி, அவர் பக்கம் தள்ளினார்.

"நேத்து வந்திருந்தா போட்டிருப்பாரு தம்பி. இனிமே நான் சொன்னாலும் போடமாட்டாரு."