குளவிக்கு விட்ட மூலை

ஊர் என்ற ஒன்றே முளைக்காத அந்தக் காலத்தில் குளவி பேசும், எறும்பு பேசும், மனிதர்களும் அவற்றுக்குப் பதில் சொல்வார்கள். நான் பானை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வராது.

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு கூட்டம் இருந்தது. கிழங்கும் தண்ணீரும் கிடைக்கும்வரை ஓரிடத்தில் இருப்பார்கள், தீர்ந்ததும் நடப்பார்கள். தானாக விளைந்த தினையை உருவிக் கூடையில் போட்டு வைத்தால் பாதியை எலி தின்னும், மீதி ஈரத்தில் பூத்துப்போகும். தண்ணீர் எடுக்கச் சுரைக்குடுக்கை ஒன்றுதான். அதை நெருப்பில் வைக்க முடியுமா? அதனால் சோறு கிடையாது, கஞ்சி கிடையாது. வறுத்த தினையைக் கடித்து மெல்ல வேண்டியதுதான். பல் இருக்கிறவன் பிழைத்தான்.

ஆற்று மடுவில் தண்ணீர் வற்றினால் கூட்டம் கிளம்பும். கிளம்பும்போது குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போவார்கள். வைக்காவிட்டால் குடிசைக்குள் ஒளிந்திருக்கும் பசி பின்னாலேயே வந்துவிடும் என்று பயம். நடக்க முடியாதவர்களின் கையில் ஒரு பிடி தினையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். கொடுமைதான். ஆனால் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் நொச்சி என்றொருத்தி. நிறைமாதக்காரி. முதல் பிள்ளையை நடக்கிற வழியில் ஒரு மரத்தடியில் பெற்றவள். பெற்ற மறுநாளே எழுந்து நடக்க வேண்டியிருந்தது. பிள்ளை தங்கவில்லை.

"இந்தப் பிள்ளைய உக்காந்த இடத்துலதான் பெறுவேன்," என்று புருஷன் எருக்கனிடம் சொன்னாள். "கூட்டம் போனாப் போகட்டும். நான் வரல."

"மாமாகிட்ட யாரு பேசுறது?" என்று எருக்கன் தலையைச் சொறிந்தான். கூட்டத்துக்குத் தலைவன் கடம்பன், நொச்சிக்குத் தாய்மாமன். சொன்ன சொல்லை மாற்றாத மனுஷன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குளவி அவள் குடிசைக்குள் நுழைந்தது. மெலிந்த இடுப்பும் மூக்குக்கு மேல் கோபமுமாக ஒரு குளவி. கூரைக் கழி ஒன்றில் மண்ணை அப்பி அப்பி என்னவோ கட்ட ஆரம்பித்தது. நொச்சி அண்ணாந்து பார்த்தாள்.

"எதுக்கு இந்தப் பாடு? நாங்க நாளைக்கோ மறுநாளோ இதைக் கொளுத்திட்டுக் கிளம்பிடுவோம்."

"நான் பாட்டுக்கு என் வேலையப் பார்க்கிறேன், உனக்கென்ன?" என்று குளவி சீறியது. பிறகு, வாய் சும்மா இருக்காமல், "கிளம்புறது உங்க வழக்கம். என் பிள்ளை எதுக்குக் கிளம்பணும்? உள்ளே சாப்பாடு வெச்சு அடைச்சிடுவேன். எலி வராது, ஈரம் வராது. ரெக்கை முளைக்கிறவரைக்கும் அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும்," என்றது.

நொச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாடு கெடாமல் இருந்தால் நடக்கவே வேண்டாம்! இவ்வளவு காலம் இது நம் ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லையே என்று தன் கூட்டத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கும் சொல்லிக்குடேன்."

"சொல்லிக் குடுக்கிற பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது. கண்ணு இருக்குல்ல? பார்த்துக்கோ."

பார்த்தாள். குளவி கண்ட மண்ணையும் எடுக்கவில்லை. மடுவோரத்துக் களிமண்ணை மட்டும் எடுத்தது. வளையம் வளையமாக ஒன்றன் மேல் ஒன்று வைத்து இழைத்தது. வயிற்றைப் பெரிதாக விட்டு, கழுத்தைக் குறுக்கி, வாயை மட்டும் வெளிப்பக்கம் மடக்கிவிட்டது. நொச்சியும் அப்படியே செய்தாள். பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து மிதித்து, பிசைந்து, திரித்து, தடவி, ஒரு பானையைச் செய்து முற்றத்தில் காயவைத்தாள். உலகத்தில் முதல் பானை. எங்கள் ஆட்கள் செய்தது, ஆமாம்!

மத்தியானம் ஒரு கோடை மழை கொட்டியது. பானை உட்கார்ந்துவிட்டது. கூட்டமே கூடி நின்று சிரித்தது. "மண்ணுக்குப் பொறந்தது மண்ணுக்கே போச்சு," என்றார் கடம்பன்.

"என் கூடு கூரைக்குக் கீழே இருக்கு. நீ வெட்டவெளியில வெச்சா?" என்று குளவி அவளை ஏசியது. நொச்சி அழவில்லை. இன்னொரு பானை செய்து குடிசைக்குள் வைத்து, காய்ந்ததும் தினையைக் கொட்டி மூடினாள். 'மாமா கிளம்பச் சொல்லும்போது திறந்து காட்டுவேன், கெடாத தினையைப் பார்த்தால் மனம் மாறுவார்' என்று அவள் கணக்கு.

கிளம்புகிற நாளில் திறந்து காட்டியும் கடம்பன் மனம் மாறவில்லை. மடு சேறாகிவிட்டிருந்தது. "ஒரு பானைத் தினைய வெச்சு எத்தனை வாய்க்குப் போடுவ? தண்ணிக்கு என்ன பண்ணுவ? உன் பானையில தண்ணி ஊத்தினா அதுவும் சேறாத்தான் போகும்," என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

அதற்குள் அந்தக் கோடிக் குடிசைக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். காற்று ஒரு வீசு வீசியது. நொச்சியின் கூரை பற்றிக்கொண்டது. குளவி மண்ணெடுக்கப் போயிருந்தது. எருக்கன் பிடிப்பதற்குள் நொச்சி உள்ளே ஓடிவிட்டாள்.

ஒரு பக்கம் அவள் பானை. இன்னொரு பக்கம் கூரைக் கழியில் குளவியின் கூடு. பானை போனால் அவள் இங்கே தங்கும் ஆசையும் அதோடு போயிற்று, பிள்ளையை மறுபடியும் வழியில்தான் பெற வேண்டும். எடுத்தால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். குளவியின் பிள்ளைகள் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். கழியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே கூரை சரிந்து பானையின் மேல் விழுந்தது.

திரும்பி வந்த குளவி, எரிகிற குடிசையைப் பார்த்தது. நொச்சியின் கையில் இருந்த கூட்டையும் பார்த்தது. அத்தனை பேரையும் கொட்டித் தீர்த்திருக்க வேண்டிய குளவி, கூட்டின் மேல் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"வா புள்ள, போகலாம்," என்றார் கடம்பன்.

"கால் வரல, மாமா. ஒரு பிடி தினையக் குடுத்துட்டுப் போங்க."

கடம்பன் தினைக் கூடைக்குள் கையை விட்டார், ஆனால் அள்ளவில்லை. தன்னைப் பெற்றவளுக்கும் அவர்தான் ஒரு காலத்தில் அந்த ஒரு பிடியைக் கொடுத்தார். அவருக்கே இப்போது பல் பாதி இல்லை. அடுத்த முறை அந்தப் பிடி தன் கைக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் நகராமல் நின்றார். தலைவன் நின்றதால் கூட்டமும் நின்றது.

சாம்பல் ஆறியதும் எருக்கன் கழியால் கிளறினான். ணங் என்று ஒரு சத்தம். பானை! கறுத்துக் கிடந்ததைத் துடைத்தால் சிவப்பு. தட்டினால் ஓசை கொடுத்தது. உள்ளே இருந்த தினை கரியாகிவிட்டது, பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. நொச்சி அதை வாங்கி, மடுவில் ஊற்றுத் தோண்டி, கொஞ்சங்கொஞ்சமாக ஊறித் தெளிந்த தண்ணீரை ஊற்றினாள். எல்லாரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். கரையவில்லை.

அதே பானையைக் கல் மேல் வைத்து, கூடையில் இருந்த தினையைப் போட்டுத் தீ மூட்டினாள். பொங்கி வந்தது கஞ்சி. முதல் வாயைக் கடம்பனுக்குத்தான் கொடுத்தாள். மெல்லாமலே தொண்டையில் இறங்கியது. அந்தக் கல் நெஞ்சுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். "இது அன்னைக்கே இருந்திருந்தா எங்க ஆத்தாளை விட்டுட்டு வந்திருக்க மாட்டேனே!"

அன்றைக்குக் கூட்டம் கிளம்பவில்லை. தீ மூட்டினார்கள், ஆனால் இந்தத் தடவை பானைகளை அடுக்கி மூட்டினார்கள். ஊற்றுத் தண்ணீர் பானைகளில் நிறைந்தது, தினை அடுத்த மழைவரைக்கும் வந்தது. மிச்சத்தை விதைத்தார்கள். விளைந்ததைக் கேட்டு உப்பு விற்பவன் தேடி வந்தான். என் பானை, உன் பானை என்ற சண்டையும் கூடவே வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நடக்க முடியாதவன் கையில் ஒரு பிடி தினையைக் கொடுக்கிற வழக்கம் அதோடு ஒழிந்தது. எங்கள் பானை செய்த காரியம் அது. வேறெந்தப் பெருமையும் எங்களுக்கு வேண்டாம்.

நொச்சி புதுக் குடிசையில், உட்கார்ந்த இடத்தில், ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். அந்தக் காலையிலேயே, மூலையில் செருகி வைத்த கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவிக் குஞ்சுகளும் வெளியே வந்தன.

"இனிமே எங்க ஒவ்வொரு வீட்டிலயும் உனக்கு ஒரு மூலை உண்டு," என்றார் கடம்பன். "எவன் கலைச்சாலும் என்கிட்ட பதில் சொல்லணும்."

"அப்படின்னா பிள்ளை வரப்போற வீட்டுக்கு நான்தான் முதல்ல வருவேன்," என்றது குளவி. முதல் தடவையாக அதன் குரலில் சீற்றம் இல்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான். இன்றைக்கும் ஒரு குளவி மண்ணைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாக வந்து, சுவிட்சுப் பெட்டிக்கு மேலேயோ டிவிக்குப் பின்னாலேயோ கூடு கட்டினால், துடைப்பத்தை எடுத்த கையும் அப்படியே நின்றுவிடுகிறது. "கலைக்காதே, இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டு மருமகளைப் பார்த்து, "என்னம்மா, ஏதும் விசேஷமா?" என்று கேட்கிறார்கள்.