சங்குமேட்டுக் கொட்டில்

வாளும் ஈட்டியும் வைக்கிற இடத்தை மற்ற ஊர்களில் ஆயுதசாலை என்பார்கள். சங்குமேட்டுப் பாளையத்தில் மட்டும் கொட்டில் என்பார்கள். மாடு கட்டும் இடத்துக்கல்லவா அந்தப் பெயர் என்று கேட்டால் குருவம்மாளின் கதையைச் சொல்வார்கள்.

குருவம்மாள் கைம்பெண். சில பசுக்களும் இருளப்பன் என்ற ஒரே மகனும்தான் அவள் சொத்து. போர் மூண்டபோது பாளையக்காரர் கச்சிராயரே அவள் வாசலுக்கு வந்தார். ஆயுதம் வைக்க, கல்சுவர் வைத்த அவளுடைய மாட்டுக் கொட்டில் அவருக்கு வேண்டியிருந்தது.

"போர் முடிஞ்ச அன்னைக்கே கொட்டில் உனக்குத்தான் ஆத்தா. குலதெய்வம் சாட்சி."

நம்பிக் கொடுத்தாள். பசுக்கள் மரத்தடிக்குப் போயின. அந்தக் கொட்டிலில் இருந்தே ஓர் ஈட்டியை வாங்கிக்கொண்டு இருளப்பனும் போருக்குப் போனான்.

பகைவர் ஓடினார்கள். கச்சிராயர் குதிரை மேல் வெற்றி உலா வந்தார். இருளப்பன் வரவில்லை. விழுந்த எல்லையிலேயே அவனைப் புதைத்து, ஈட்டியைத் தலைமாட்டில் நட்டிருந்தார்கள். அப்படி நட்டதைப் பிடுங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கொடுத்த ஈட்டியெல்லாம் திரும்பினால்தான் போர் முடிந்ததாகக் கணக்கு என்பதும் வழக்கம்தான்.

ஐப்பசி மழையில் ஒரு பசு விறைத்துச் செத்தது. குருவம்மாள் அரண்மனைக்கு ஓடினாள். கச்சிராயர் கொட்டில் காவலன் சடையாண்டியைப் பார்த்தார். அவன் பொய் பேசாதவன்.

"ஒரு ஈட்டி குறையுது சாமி."

"கேட்டியா ஆத்தா? நான் வாக்கு மாற மாட்டேன். ஈட்டி வரட்டும்."

எந்த ஈட்டி என்று அவருக்கா தெரியாது? ஆற்றைக் கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி! குருவம்மாள் விடவில்லை.

"எம் புள்ளைய வாங்கிட்டுப் போனீகளே, அவன் குறையுறது கணக்குல வரலையா சாமி?"

கச்சிராயர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் எல்லைக்கு நடந்தாள். "மன்னிச்சுக்கய்யா, வாயில்லாச் சீவன் சாகுது" என்று மகனிடம் அழுதுவிட்டு, ஈட்டியைப் பிடுங்கி வந்து கொட்டில் சுவரில் சாத்தினாள். ஊர் கூடித் தூற்றியது. செத்தவன் ஈட்டி தீட்டு, அது சேராது என்றார் கச்சிராயர். சடையாண்டி கதவைப் பூட்டினான்.

வாக்கு மாறவில்லை என்கிற பாளையக்காரர், பொய் பேசாத காவலன், வழக்கத்தை மீறிய தாய். இந்த மூவரில் குற்றவாளி யார்?

விடை: தாய் மீறினாள், மிச்சப் பசுக்களைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழியில்லை. காவலன் சொன்னது பாதி உண்மை. குறையும் ஈட்டி எங்கே நிற்கிறது என்பதை விழுங்கிவிட்டான், கோழை. குற்றவாளி கச்சிராயர். போர் முடியவில்லை என்றால் வெற்றி உலா எதற்கு? அவருக்கு முடிந்த போர் அவளுக்கு மட்டும் முடியாமல் போனது எப்படி? இது அன்றே ஊருக்கெல்லாம் தெரியும். கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.