ஓலைநாயகத்தை அளந்த கோல்

நெடுங்குளம் ராஜ்ஜியத்தில் ஓலைநாயகம் என்றால் லேசுப்பட்ட பதவி இல்லை. எந்தச் செய்தி வந்தாலும் போனாலும் அவர் கை வழியாகத்தான். இருபது வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவர் வெண்காடர். ஆள் கொஞ்சம் குள்ளம். மூளைக்கு அந்தக் குறை இல்லை.

அந்தப் பதவி மேல் அமைச்சர் மழவராயருக்கு ஒரு கண். தனக்கு அல்ல, வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றும் மைத்துனனுக்கு. வீட்டுக்காரம்மாள் தினமும் நச்சரித்தால் மனுஷன் என்னதான் செய்வார், பாவம்!

ஒருநாள் மன்னர் உதயவழுதியிடம் மெல்லப் பற்றவைத்தார். நெல்லை அளக்கிறோம், நிலத்தை அளக்கிறோம், ஓலைநாயகத்தை மட்டும் அளப்பதே இல்லையே என்றார். மன்னருக்குப் புதுசாக எதைச் சொன்னாலும் பிடிக்கும். எப்படி அளப்பது என்று கேட்டார். அமைச்சர் வழியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஓலைநாயகத்திடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று ஒவ்வொரு துறையும் ஓலையில் எழுதித் தரட்டும். ஒரு வரிக்கு ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம் வீதம் மூங்கிலில் ஒரு கோல் வெட்டுவோம். பௌர்ணமிக்குள் நிறைவேறியதற்கெல்லாம் கோலை நறுக்கிக்கொண்டே வரட்டும். மிச்சம் வெண்காடரைவிட உயரமாக இருந்தால் பதவிக்குரிய முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

மன்னர் உற்சாகமாகித் தானும் ஒரு ஓலை எழுதிப் போட்டார். அமைச்சரோ துறைத் தலைவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, கஞ்சத்தனம் பார்க்காமல் எழுதச் சொன்னார். ஓலைகள் வந்ததும் வரிகளை எண்ணினார். எண்ணினாரே தவிர, ஒன்றையாவது வாசித்தாரா? அதுதான் இல்லை.

கோல் பத்தடி வந்தது. வெண்காடர் அதை அண்ணாந்து பார்த்தார். இருபது வருஷ உழைப்பை ஒரு மூங்கிலை வைத்து முடித்துவிட்டார்களே என்று மனம் கசந்தது. வீட்டில் சொல்லவும் கூச்சம். சரி, என்னதான் எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று ஓலைக்கட்டை வாங்கிப் பிரித்தார். வாசிக்க வாசிக்க மீசைக்குள் சிரிப்பு வந்தது.

பௌர்ணமியும் வந்தது. கோல் வெட்டிய நாளில் இருந்த அதே பத்தடி. அமைச்சருக்குக் கொண்டாட்டம். மன்னரின் முகம் சுருங்கியது.

"ஒரு விரற்கடைகூட நறுக்கவில்லையா, வெண்காடரே?"

"நறுக்கத்தான் வந்திருக்கிறேன், மகாராஜா. ஓலைகளைச் சபையில் முறைப்படி வாசிக்க உத்தரவு வேண்டும்."

நெடுங்குளத்தில் ஒரு முறை உண்டு. யாருடைய ஓலை வாசிக்கப்படுகிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். தீர்வு ஆன பிறகுதான் உட்காரலாம். வாசிக்கிறவர் மட்டும் மணையில் உட்கார்ந்திருப்பார்.

வெண்காடர் மணையில் சௌகரியமாக உட்கார்ந்தார். முதல் ஓலை தளபதியுடையது. படை நகர்வது ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாதாம். தளபதி எழுந்து நின்றார். அடுத்தது மடைப்பள்ளி. படை எந்த வழியாக வருகிறது, எத்தனை வாய் என்று மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டுமாம், அரிசி ஊறப்போட. மடைப்பள்ளித் தலைவரும் எழுந்தார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

யானைக்கொட்டில்காரர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஏரி அதிகாரியோ, தண்ணீர் எவ்வளவு என்று தினமும் ஆள் அனுப்பி உயிரை வாங்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அந்த இருவரும் எழுந்தார்கள். அமைச்சரின் ஓலையில், எந்தச் செய்தியும் தன் காதுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்றிருந்தது. நின்ற நாலு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் அமைச்சரும் எழுந்தார்.

"இவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், மகாராஜா. வந்த அன்றே அதை நான் செய்து கோலை நறுக்கிவிடுகிறேன்" என்ற வெண்காடர், கடைசி ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அது யாருடையது? வாசியும்" என்றார் மன்னர்.

வெண்காடர் வாசித்தார். "எந்தச் செய்தியையும் வந்த கணமே சொல்லிவிட வேண்டும். கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்கு முன் சொல்லவே கூடாது."

அது மன்னரே எழுதிப் போட்ட ஓலை. மன்னர் சுற்றிலும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்றார். மன்னர் நின்றால் மற்றவர்கள் உட்கார முடியுமா? சபை முழுக்க நின்றது. உட்கார்ந்திருந்தவர் வெண்காடர் ஒருவர்தான்.

இனி யார் எதை எதிர்பார்த்தாலும் எதிராளியிடம் பேசி முடித்துவிட்டே ஓலை அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. மோதிரம் வெண்காடர் விரலிலேயே தங்கியது. கூடவே ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தது. மைத்துனன் பேச்சை அமைச்சர் அப்புறம் எடுக்கவே இல்லை.

"அது சரி, இவ்வளவு நீளக் கோலை என்ன செய்வது?" என்று கேட்டார் மன்னர்.

"இருக்கட்டும், மகாராஜா. எல்லாரும் பேசி ஒத்துப்போக நேரமாகும். கால் வலித்தால் ஊன்றிக்கொள்ளலாம்."

சபை சிரித்து முடிப்பதற்குள் கோலை எட்டிப் பிடித்தவர் மன்னர்தான்.